நுரையண்ணன் மகளுக்குப் பால் ஆகாது

நுரையண்ணன் பால் ஊற்றும் அழகைப் பார்ப்பதற்கென்றே சிலர் வாசலுக்கு வருவார்கள். அளவையைக் கேனில் முக்கி எடுத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஒரே வீச்சாக ஊற்றுவார். கீழே பாத்திரத்தில் நுரை பொங்கி நிற்கும். "அண்ணே, பாலை எங்களுக்கு ஊத்துங்க, நுரையை நீங்களே வச்சுக்கங்க" என்று மாடிவீட்டு டீச்சர் தினமும் சீண்டுவார். அவரும் சளைக்காமல் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அத்தனை உயரத்திலிருந்து ஊற்றினால் மேலே தெறிக்காமல் இருக்குமா? சைக்கிளில் வீடு திரும்பும்போது சட்டையின் முன்பக்கம் பாலில் ஊறிக் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். அதெல்லாம் ஒரு காலம். இன்றைக்குப் பால் பாக்கெட்டில் வந்து வாசலில் விழுகிறது, சீண்டவும் ஆளில்லை, சிரிக்கவும் ஆளில்லை.

அவருக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள் மகள். கேட்கணுமா! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட கையோடு நேரே தொட்டிலுக்குத்தான் ஓடுவார். கையை மட்டும் கழுவிக்கொண்டு மகளை அள்ளி நெஞ்சோடு அணைப்பார். அவ்வளவுதான், வீடு இரண்டுபடும். குழந்தையின் கன்னமும் கழுத்தும் சிவந்து திட்டுத்திட்டாகத் தடிக்கும், தொண்டை கிழிய அலறுவாள். அம்மா வாங்கிக் கழுத்தைத் துடைத்து மடியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

"மாமா, உங்க மீசையைப் பாத்தா எனக்கே குலை நடுங்குது. பச்சப்புள்ளைக்கு எப்படி இருக்கும்?" என்றாள் மனைவியின் தங்கை. விளையாட்டாகத்தான் சொன்னாள். மறுநாள் காலை மீசை இல்லாத நுரையண்ணனைப் பார்த்துத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. போகட்டும், மீசை போனதற்காவது பலன் உண்டா? இல்லை. குழந்தை அதே அலறல். சோப்பை மாற்றினார், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

"அவளுக்கு என்னைப் பிடிக்கல, விடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு கதவோரம் நின்று பார்ப்பதோடு சரி. ஊரார் பிள்ளைகளெல்லாம் இவர் ஊற்றிய பாலைக் குடித்துக் கொழுகொழுவென்று வளர்கிறார்கள், பெற்ற பிள்ளை இவர் தொட்டாலே அலறுகிறாள். பாவம், அந்த மனுஷனுக்கு வயிறு எரியாதா?

குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் கொடுக்கிற பருவம் வந்தது. நுரையண்ணனுக்கு ஒரு நப்பாசை. "நம்ம பாலைக் குடிக்கட்டும், அப்புறம் பாரு, எங்கிட்ட தானா ஒட்டிக்குவா." இருப்பதிலேயே நல்ல பாலாகப் பார்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, கரண்டியில் எடுத்துத் தன் கையாலேயே புகட்டினார். ஒரே ஒரு கரண்டி. சற்று நேரத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, குழந்தை வாந்தியெடுத்தாள். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வண்டி பிடித்தாள். இவர் சட்டையைக்கூட மாற்றாமல் பின்னாலேயே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்து கொடுத்து, வீக்கம் வடிகிறவரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படித் தடிச்சிருக்கா?"

"இவர் தூக்கினா தடிக்கும் டாக்டர்" என்றாள் மனைவி.

நுரையண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க. எங்கிட்ட அவ இருக்கவே மாட்டா."

"எப்பவுமேவா?"

மனைவி யோசித்தாள். "இல்லையே! காய்ச்சல்னு ஒரு வாரம் படுத்துக் கிடந்தாரே, அப்ப இவர் பக்கத்துலயேதான் போட்டிருந்தேன். ஒண்ணுமே ஆகல."

"அந்த வாரம் எந்த வேலைக்குப் போகாம இருந்தாரு?"

"பால் ஊத்த. இவர் தம்பிதான் போனாரு."

டாக்டரம்மா எழுந்து வந்து அவருடைய சட்டையின் முன்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதெல்லாம் பாலா?" என்று கேட்டவர், சோதனைக்கு ஒரு நாள் சொல்லி அனுப்பினார். அன்றைக்குக் குழந்தையின் கையில் பாலிலிருந்து எடுத்த சோதனை மருந்து ஒரு சொட்டும், சற்றுத் தள்ளி வெறும் உப்புநீரும் வைத்து ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். உப்புநீர் வைத்த இடம் அப்படியே இருந்தது. பால் வைத்த இடம் கொசு கடித்தாற்போல் புடைத்துக்கொண்டது.

"பசும்பால்ல இருக்குற புரதம் இவளுக்கு ஒத்துக்கல. இந்தப் புடைப்பை மட்டும் வச்சுச் சொல்லல, நீங்க சொன்ன கதையும் அதையேதான் சொல்லுது. உங்க சட்டைல இருக்குற பால் பட்டுத்தான் இத்தனை நாளும் தடிச்சிருக்கு."

"ஆட்டுப்பால் குடுக்கலாமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"வேண்டவே வேண்டாம், அதுவும் ஏறக்குறைய இதேதான். பிஸ்கட், ரொட்டில கூடப் பால் இருக்கும், பாத்துக் குடுங்க. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வளர வளர நிறையப் பிள்ளைங்களுக்குச் சரியாயிடும். ஆனா வீட்டுல நீங்களா குடுத்துப் பாக்காதீங்க, இங்க வந்துதான் பாக்கணும்."

நுரையண்ணன் காதில் இதில் பாதி விழுந்ததா என்பதே சந்தேகம். "அப்ப... அவளுக்கு என்னைப் பிடிக்காம இல்லையா டாக்டர்?" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குளிச்சு, சட்டையை மாத்திட்டுத் தூக்குங்க. அவளே பதில் சொல்லுவா."

மறுநாள் காலைப் பால் ஊற்றிவிட்டு வந்தவர் குழாயடியில் நின்று தேய்த்த தேய்ப்பு இருக்கிறதே! "போதும் வாங்க, தோல் உரிஞ்சிடப் போகுது" என்று மனைவி கத்த வேண்டியதாயிற்று. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர்போல் சுவரோரம் உட்கார்ந்தார். மனைவி குழந்தையை அவர் மடியில் விட்டாள். அது அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. மூக்கைப் பிடித்து இழுத்தது. பிறகு நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது. அவர் குனிந்து குனிந்து அந்தக் கன்னத்தைப் பார்த்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு சிவப்பு இல்லை.

வெயில் சாயும் நேரத்தில் குழந்தை மறுபடியும் அவர்மேல் படுத்துத் தூங்கிவிட்டது. காய்ச்சலில் விழுந்தபோதுகூடத் தம்பியை அனுப்பித் தெருவுக்குப் பால் ஊற்றியவர் அவர்.

"நேரமாச்சுங்க, சாயங்காலப் பால் வந்து காத்துக்கிட்டிருக்கு" என்றாள் மனைவி.

"உறை ஊத்திடு" என்றார் அசையாமல்.

"அவ்வளவு பாலையுமா? தெருவுல கேப்பாங்களே, என்னன்னு சொல்ல?"

அவர் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. "எம்பொண்ணு எம்மேல தூங்குறா, இன்னைக்குப் பால் வராதுன்னு சொல்லிட்டு வா."