சீனிச் சம்பல் போத்தல்

1961 ஜனவரி 28, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். குழாயடிப் புல்லில் உறைபனி. வெந்நீர் வைத்தேன். கணவரின் கம்பளிச் சட்டையில் இரண்டாவது பொத்தானைத் தைத்தேன். ஏழு பத்துக்கு அவர் பள்ளிக்குப் புறப்பட்டார். பத்து மணிக்கு மூன்று தேங்காய் துருவினேன். மாலையில் விருந்தாளிகள் இருவர்.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்து ஏழு மாதமாகியிருந்தது. கணவருக்கு இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை. பேச்சு தமிழ்தான் என்றாலும் எங்களுக்கு இது பாஸ்போர்ட்டோடு வந்த வெளிநாடு. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். கட்டில், நாற்காலி, அலமாரி என்று ஒவ்வொன்றாக மறைத்துவிட்டு, யாரும் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். சில மாலைகளில் நான் இன்னும் கப்பலிலேயே இருப்பதாகத் தோன்றும்.

பக்கத்து வீட்டுத் தம்பதி மேல்மலையிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்குப் பின்னால் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். அந்த அம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய முதல் பேரப்பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. மகளுக்கு இப்போது மறுபடியும் ஏழு மாதம். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்று அக்கா பழனிக்கு மாலை போட்டிருந்தார். தைப்பூசத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. மறுநாள் காலை அவரும் அவர் கணவரும் மலையிறங்கி நடக்கப் போகிறார்கள். நாற்பது நாளாக அக்கா கறி மீன் தொடவில்லை. தன் கையால் விளைவித்த பூண்டைக்கூடத் தொடவில்லை; வெங்காயத்துக்கு மட்டும் அவர்கள் வழக்கத்தில் தடையில்லை.

“விரதக்காரி வேத்து வீட்டுல கை நனைக்கலாமா?” என்று முதலில் தயங்கினார். புதுப் பானையில் சமைக்கிறேன், பூண்டும் போடமாட்டேன் என்று சொன்ன பிறகே சம்மதித்தார்.

ஐந்தரைக்கு வந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து வந்த மூடுபனி அவர்களுக்கு முன்னாலேயே படியேறியிருந்தது. அக்கா தாளோடு முடிந்த பூண்டுக் கொத்து ஒன்றை என் கையில் வைத்தார்.

“அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடுங்க வாத்தியாரம்மா. ஒரு வருசமானாலும் கெடாது. இன்னைக்கு மட்டும் தொட்றாதீங்க.”

“இருங்கோ, இருங்கோ” என்றேன்.

“ஏ புள்ள, கேட்டியா! சிலோன் ரேடியோவுல சேதி வாசிக்கிறாப்புல இருக்கு” என்றார் அவருடைய கணவர். “அடுத்து மழை உண்டா இல்லையான்னும் சொல்லுங்கம்மா.”

“இவருக்குப் பசி வந்தா வாய் நிக்காது. வெரசா சோத்தைப் போடுங்க” என்றார் அக்கா.

விளக்கைச் சுற்றி ஆவியும் பனியும் கலந்து நின்றன. நால்வரும் ஒரு வெளிச்சக் குமிழிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல் இருந்தது. சொதியை, எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பை, அக்கா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார், வயிற்றுப் பிள்ளை பக்கத்து அறையில் தூங்குவதுபோல.

புறப்படும்போது என் பங்குக்கு ஒரு சிறு பரிசு கொடுத்தேன். கொழும்பிலிருந்து என் தங்கை அனுப்பிய சீனிச் சம்பல், ஒரு போத்தல். வெங்காயத்தைச் சீனி, புளி, மிளகாயோடு கருக வதக்கியது. வாரக்கணக்கில் இருக்கும்.

“தொறந்து பாப்பமா?” என்று அக்காவின் கணவர் மூடியில் கை வைத்தார்.

அக்கா அந்தக் கையில் ஒரு அடி போட்டார். “நடக்கையில கட்டுச்சோத்துக்குத் தொட்டுக்கிடலாம். வாங்க, வெள்ளனே எந்திரிக்கணும்.”

ஏழே முக்காலுக்கு நாட்குறிப்பை எடுத்தேன். சமைத்தவற்றைச் சேர்மானத்தோடு எழுதுவது என் வழக்கம். கடைசியில் கொடுத்த பரிசையும் எழுதினேன்: சின்ன வெங்காயம், சீனி, புளி, மிளகாய்த்தூள், மாசி.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. மாசி என்பது மாலைத்தீவில் அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கும் மீன். விறகுச் சிராய்போல் இருக்கும். தங்கை வீட்டில் அதை மீன் என்று நினைத்துப் போடுவதில்லை, உப்புப் போடுவதுபோல் இடித்துப் போடுவார்கள். நானும் அந்தப் போத்தலை வெங்காயமாகவே நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டில் விளக்கு அணைந்திருந்தது.

“மூடின போத்தல்தானே, காலமை சொல்லலாம்” என்றார் என் கணவர். நடக்கப் போகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று நானும் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை நாலே முக்காலுக்கு, முகம்கூடக் கழுவாமல், லாந்தரோடு அவர்கள் வாசலில் நின்றேன். அக்கா குளித்து, ஈரத்தலையோடு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அக்கா மூட்டைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. “நான் தொடலை” என்றார், என்னிடம் அல்ல. பிறகு நிமிர்ந்து பார்த்தார். “நேத்து தின்ன சோத்துல?”

“இல்லை அக்கா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எம்மக வயிறும்மா.”

ஓடிப்போய் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். லாந்தர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வாசித்தேன். சொதி: தேங்காய்ப்பால், வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், வெந்தயம், எலுமிச்சை. பருப்பு. பூசணிக்காய். வாழைக்காய். பாயசம். வாயிலிருந்து வந்த புகை எழுத்துகளை மறைத்தபோதெல்லாம் நிறுத்தி, மீண்டும் அதே வரியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு பெயருக்கும் அக்கா தலையசைத்தார். கடைசிப் பெயர் வந்ததும் நெஞ்சில் கிடந்த மாலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

அப்போது அவர் கணவர் கதவுக்குப் பின்னாலிருந்து இருமினார்.

“ஏ புள்ள. ராத்திரி ஒரு விரலு. ஒரே ஒரு விரலு.”

“தின்னீகளா!”

“ருசியாத்தான் இருந்துச்சு. வெங்காயம்னுல்ல நெனச்சேன். மாலை ஒனக்குத்தான, நான் தொணைக்குத்தான வாரேன்?”

“தொணைக்கு வந்தாலும் மலையேறணும்ல? தலைக்கு ஊத்துங்க. பச்சைத்தண்ணி.”

“இந்தக் குளிர்லயா? கொஞ்சம் வெந்நி...”

“பச்சைத்தண்ணி!”

போத்தலை அக்கா என்னிடமே திருப்பித் தந்தார். “வந்து வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் இவரு கண்ணுல காட்டாதீக.”

அவர்கள் வாசல் தண்ணீர்த் தொட்டியின்மேல் கண்ணாடிபோல் பனி படர்ந்திருந்தது. லாந்தரைக் கீழே வைத்துவிட்டு நான் அதை உடைத்துச் செம்பில் மொண்டு கொடுக்க, அக்கா வாங்கி அவர் தலையில் ஊற்றினார். முதல் செம்புக்கு அந்த மனிதர் முருகனைக் கூப்பிட்டார். இரண்டாவதற்கு என் தங்கையைத் திட்டினார். மூன்றாவதற்குச் சத்தமே வரவில்லை. நான்காவதை மொள்ளக் குனிந்தபோது, “போதும் வாத்தியாரம்மா, நேரமாச்சு” என்றார் அக்கா.