நாடா வைத்த சட்டை

எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் பெண்கள் தையல் சங்கம் ஒன்று நடந்தது. நான் அதற்கு செக்ரட்டரி. எனக்குத் தையல் சுமார்தான். எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தேன், இங்கிலீஷும் மலையாளமும் எழுதுவேன், ஆபீஸுக்குப் போய்ப் பேசப் பயமில்லை. அதனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் நடந்தே போவேன்.

மற்றவர்கள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். புருஷன்மார் சாலை பஜார் கடைகளில் மூட்டை தூக்கினார்கள், அல்லது கட்டட வேலைக்குப் போனார்கள். சங்கம் வருவதற்கு முன்னாலும் இந்தப் பெண்கள் அரசாங்க ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கான சட்டையைத்தான் தைத்தார்கள். ஆனால் டெண்டர் ஆரியசாலை துணி வியாபாரி ஒருவருடையது. அவர் வெட்டிய துணியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். தைத்துக் கொடுத்தால் கூலி. ஆஸ்பத்திரி என்ன விலை கொடுக்கிறது என்று ஒருத்திக்கும் தெரியாது.

பிறகு அரசாங்கம் வாங்கும் துணிமணியில் ஒரு பங்கைப் பெண்கள் சங்கங்களுக்குத் தரலாம், அவர்கள் முன்பணம் கட்ட வேண்டாம் என்று உத்தரவு வந்தது. எழுதிப் போட்டோம், கிடைத்தது. அதே சட்டை, அதே கைகள், நடுவில் மட்டும் ஆள் இல்லை. ஒருத்தி ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டாள். இன்னொருத்தி இரண்டாவது மெஷின் வாங்கி நாத்தனாரையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. மெஷின் வைத்திருந்தவர்கள் சட்டையைத் தைத்தார்கள். மெஷின் இல்லாதவர்கள் காஜா எடுத்து பட்டன் வைத்தார்கள். அது கையால் செய்கிற வேலை, கூலியும் குறைவு. அவர்களில் ஒரு அம்மாளைத்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு வலது கால் சூம்பிப் போயிருந்தது. மெஷினை மிதிக்க முடியாது. புருஷன் சாலை பஜாரில் மூட்டையோடு விழுந்து முதுகில் அடிபட்டு வீட்டில் படுத்திருந்தார். இரண்டு பெண்கள், இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். காஜா வேலையில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள்.

இரண்டாவது வருஷத்து டெண்டர் வந்தபோது நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன். சட்டையின் அளவு, துணி, எல்லாம் பழையபடி. ஒரே ஒரு மாற்றம்: முன்பக்கம் பட்டனுக்குப் பதிலாகப் பின்பக்கம் நாடா.

மெஷின்காரிகளுக்குச் சந்தோஷம். "நாடா வச்சா சடசடன்னு தச்சிரலாம்" என்றாள் ஒருத்தி.

அந்த அம்மாள் கையில் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ காஜா?"

"வேண்டாமாம்."

"சுத்தமா வேண்டாமா மாமி?"

மறுநாள் ஆஸ்பத்திரி ஸ்டோர்ஸ் ஆபீஸரைப் பார்க்கக் கிளம்பினேன். தானும் வருவேன் என்று அவளும் கூடவே பஸ் ஏறினாள். ஆபீஸர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, நர்ஸ் ஒருத்தியைக் கூப்பிட்டு விட்டார். அவள் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள்: பட்டன் சலவையில் உடைகிறது, கையில் கட்டுப் போட்டவர்களுக்கு மாட்ட முடியவில்லை, எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் புரட்டித்தான் உடுத்த வேண்டியிருக்கிறது. "ரோகிக்கு நாடயாணு சௌகர்யம், சேச்சி." நோயாளிக்கு நாடாதான் வசதியாம்.

எதிர்த்துப் பேச நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மாளே, "அவங்க சொல்றது சரிதான்" என்றாள். "எங்க வீட்டுக்காரர் இங்கதான் கிடந்தார். அவரைத் திருப்பிப் போட்டுச் சட்டை மாட்ட நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்."

பிறகு அவள் கேட்டாள்: "பட்டன் வச்சது வேற எதாவது வாங்குறீங்களா சார்?"

அட்டெண்டர்களின் காக்கிச் சட்டைக்குப் பட்டன் உண்டு, ஆனால் அது வெளி மாநிலத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் மொத்தமாக வருகிறது, முடிவு தன் கையில் இல்லை என்றார் ஆபீஸர். "மேலே எழுதிப் பாருங்க. நானும் சிபாரிசு பண்றேன்."

எழுதினேன். மொத்தத்தையும் சப்ளை செய்ய முடிந்தவர்கள்தான் கேட்கலாம் என்று பதில் வந்தது. கேரளத்து அட்டெண்டர்கள் அத்தனை பேருக்கும் நாங்கள் எங்கே தைப்பது! திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. செக்ரட்டேரியட்டுக்கு எத்தனையோ தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மேஜைக்கு அனுப்பினார்கள்.

இதற்கிடையில் சங்கத்தில் கூட்டம் போட்டேன். தைத்த சட்டையில் நூல் பிசிறு வெட்டி, மடித்து, கட்டுக் கட்டும் வேலையை அவரவரே செய்துகொண்டிருந்தார்கள். அதைக் காஜாக்காரிகளுக்குக் கொடுத்து, தையல் கூலியில் கொஞ்சம் அவர்களுக்குத் தரலாம் என்றேன்.

இரண்டாவது மெஷின் வாங்கியவள் எழுந்தாள். "மாமி, நான் மெஷினைக் கடன்ல வாங்கிப் போட்டிருக்கேன். ராத்திரி கால் வலியில தூக்கம் வரல. என் கூலியில எதுக்குக் குறைக்கணும்?"

அவளையும் குறை சொல்ல முடியாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. குரல்கள் ஏறின. ஒருத்தி அழுதாள். கடைசியில் கை தூக்கச் சொன்னேன். கொடுக்கலாம் என்று கொஞ்சம் பேர் அதிகமாகத் தூக்கியதால் முடிவானது. இரண்டாவது மெஷின் வாங்கியவள் என்னோடு வெகு நாள் பேசவில்லை, ஆனால் கட்டுப்பட்டாள்.

மடிப்பு வேலையில் பழைய வரும்படியில் பாதிதான் தேறியது. காஜாக்காரிகளில் சிலர் ஆரியசாலை வியாபாரியிடமே திரும்பிப் போனார்கள். கடைச் சட்டைக்கு அவர் காஜா கொடுத்தார், பழைய கூலியில். அந்த அம்மாள் இரண்டையும் செய்தாள். அப்படியும் போதவில்லை. மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வழுதக்காட்டில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினாள். என்னிடம் சொல்லாமலே செய்தாள். சொல்லியிருந்தாலும் என்னால் என்ன கொடுத்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

காக்கிச் சட்டை வந்தது, ரொம்பத் தாமதமாக. யார் மேஜையில் எந்தக் கையெழுத்து விழுந்ததோ, ஜில்லா ஜில்லாவாகப் பிரித்து டெண்டர் விட்டார்கள். எங்கள் ஜில்லாவில் எங்களுக்கும் ஒரு பங்கு. காஜாக்காரிகள் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் சாம்பிள் சட்டையைக் கையில் வாங்கித் துணியைத் தடவிப் பார்த்து, "முரட்டுத் துணி, விரல் போகும்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

மூத்தவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னேன். "சின்னதுகளோட உக்கார வெக்கப்படுறா மாமி" என்றாள். சாயங்காலங்களில் சங்கத்துக்கு வரச் சொல்லி மெஷின் கற்றுக்கொடுத்தோம். நன்றாகத் தைத்தாள். இளையவள் ஐந்தாம் வகுப்பை எட்டும்போது காக்கி வந்துவிட்டது. அவளை நிறுத்தவில்லை. அவள் படித்து முடித்து, எண்பதுகளில் அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, வாட்டர் அதாரிட்டியில் கிளார்க்கானாள். அக்கா தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனாள் என்று அந்த அம்மாள் எனக்குச் சொன்னாள். அப்போது மூத்தவளும் பக்கத்தில்தான் இருந்தாள், தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டு.