நோரீன் டக்ஸ்பரி கேட்ட கைதட்டல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவனின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தபோது அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. நோரீன் பைக்குள் கையை விட்டாள். டால்கம் பவுடர் டப்பா, கால் சறுக்கி ஆடுவதற்காகத் தரையில் தூவுவது.

"இது எதுக்கு?"

"எது எதுக்கு?" கிளிஃப் கண்ணாடியைப் பார்த்துக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"கிளப்புல பேசத்தானே போறே? பேசறதுக்குப் பவுடர் போடணுமா?"

"கோர்டன் கேட்டான். கிளப்புல டப்பா தீந்துபோச்சாம்."

கல்யாணமான நாளிலிருந்து கிளிஃப் சொன்ன பொய்கள் எல்லாமே இந்த அளவில்தான் இருக்கும், ஒரு பைக்குள் அடங்கிவிடும். நோரீன் டப்பாவைக் கொண்டுபோய்ச் சமையலறையில் மாவு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள். அவன் பார்த்தான். சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இதயத்தில் ஒரு கதவு சரியாகத் திறப்பதில்லை, மாற்றியாக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை கனம் தூக்கக் கூடாது, மேட்டில் வேகமாக நடக்கக் கூடாது. "நடனமா? மனசுக்குள்ளகூட ஆடாதீங்க" என்றாள் அந்த இளம் டாக்டர், சிரிக்காமல். காரில் திரும்பி வரும்போது கிளிஃப் நோரீனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். கிளப்பில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா எனக்குன்னு மெதுவான பாட்டா தேடிப் போடுவானுங்க. நாற்காலியில துண்டு போட்டு உக்கார வைப்பானுங்க. புதன்கிழமை போயிட்டு வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

நோரீன் தலையாட்டினாள். கொடுத்த வார்த்தையை அவள் மீறியதில்லை. அது பெருமைக்காக அல்ல, பழக்கம்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த பெண்கள் பள்ளிக்கூடம் முடித்தால் ஒன்று பருத்தி ஆலை, இல்லாவிட்டால் செருப்புத் தொழிற்சாலை. நோரீன் வீட்டுச் செருப்பு தைக்கிற இடத்துக்குப் போனாள். பஞ்சு வைத்த மேல்துணியை அடியோடு சேர்த்துத் தைக்கிற மெஷின். விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அறுபத்தாறாம் வருடம் பக்கத்து மெஷின்காரி அவளை இழுத்துக்கொண்டுபோன இடம்தான் லாந்தர் கிளப். ஒரு கிடங்குக்குக் கீழே இருந்த நிலவறை. சாராயம் கிடையாது, ஆரஞ்சு ஜூஸும் காப்பியும்தான். சுவரில் கரி பூசியிருப்பார்கள். உள்ளே முந்நூறு பேர் ஆடும் சூட்டில் வியர்வை ஆவியாகிக் கூரையில் ஒட்டிக்கொண்டு, திரும்பத் தலையில் சொட்டும்.

அங்கே போட்ட இசைத்தட்டுகள் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தவை. டெட்ராய்ட், சிகாகோ என்று தொலைவான ஊர்களில் கறுப்பின இளைஞர்கள் பாடி, அங்கே விலைபோகாமல் குப்பைவிலைக்குத் தள்ளிவிட்ட தட்டுகள். கார்த் தொழிற்சாலைக்காரன் வீட்டுப் பிள்ளைகள் பாடியதைச் செருப்புத் தொழிற்சாலைப் பிள்ளைகள் கேட்டார்கள். எதனால் அப்படிப் பிடித்துப்போனது என்று இன்றைக்கும் யாராலும் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. சோல் என்று அந்த இசைக்குப் பெயர். நோரீனுக்கு ஆட வராது. எல்லாருடைய கோட்டையும் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பாள். அப்படி அவள் கையில் வந்து சேர்ந்த கோட்டுகளில் ஒன்று கிளிஃபுடையது.

அவன் ஆட்டத்தில் எல்லாரும் காத்திருப்பது ஒரு இடத்துக்காக. பாட்டுக்காரி மூச்சுவாங்க நிறுத்தி எக்காளங்கள் மட்டும் முழங்குகிற இடம் வரும். அப்போது கிளிஃப் மல்லாக்க விழுவான். தலை தரையில் பட்டுவிடும்போல இருக்கும். ஒரு கை தரையைத் தட்டும், அடுத்த தாளத்துக்கு நேராக நிற்பான். விழும்போது மொத்தக் கூடமும் சேர்ந்து கை தட்டும். அது பாராட்டு மட்டுமல்ல, தாளத்தில் ஒரு பகுதி. அந்தத் தட்டல் இல்லாவிட்டால் பாட்டே பாதிதான்.

நிலவறையை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, கிரிக்கெட் கிளப் மாடியில், மிஞ்சியவர்கள் கூடுகிறார்கள். வழுக்கையும் தொப்பையும் மூட்டுப்பட்டையுமாக. ஒருவர் மைக்கைப் பிடித்து அந்தக் கால நினைவைச் சொல்லுவார். சொன்னவர் ஒரு பாட்டைக் கேட்கலாம். முதல் சரணம் முழுக்க அவருக்கே. வேறு ஒருவரும் தரையில் கால் வைக்கக் கூடாது. இதுதான் சம்பிரதாயம். கோர்டன் கிரிம்ஷா தட்டுப் போடுவான், இந்த விதியில் பாதிரியாரைவிடக் கண்டிப்பு.

மாடிப்படி ஏறும்போது கிளிஃப் நடுவில் நின்றான். சுவரில் மாட்டியிருந்த பழைய கிரிக்கெட் அணியின் படத்தை ரசிப்பதுபோல நின்றான். படத்திலிருந்த யாரையும் அவனுக்குத் தெரியாது. அப்போதுதான் நோரீன் அவன் காலைக் கவனித்தாள். தரையில் சறுக்குகிற, தோல் அடி வைத்த ஷூ. பேசப் போகிறவன் அதைப் போட மாட்டான்.

மேலே போனால் தரையெல்லாம் ஏற்கனவே வெள்ளை. யாரோ தாராளமாகப் பவுடரைத் தூவியிருந்தார்கள். வீட்டில் மாவு ஜாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வந்தது என்ன புத்திசாலித்தனம் என்று அவளுக்கே தோன்றியது. நேராகக் கோர்டனிடம் போனாள்.

"கோர்டன், இன்னிக்கு கிளிஃபுக்குப் பாட்டு வேணாம். பேச்சோட நிறுத்திடு."

"ஏன், வீட்ல சண்டையா? சமையல்ல என்னத்தைத் தீச்சு வெச்சே?"

"விளையாடாதே. அவனுக்கு..." உண்மை நாக்கு நுனிவரை வந்தது. "முட்டி வலி."

கோர்டன் மைக்கை எடுத்தான். "எல்லாரும் கவனிங்க! இந்த ரூம்ல முட்டி வலி இருக்கறவங்க கை தூக்குங்க!"

அறுபது கைகள் ஒரே சிரிப்போடு மேலே போயின. தூரத்தில் கிளிஃப் இரண்டு கையையும் தூக்கினான்.

"பாத்தியா நோரீன்? உன் புருஷனுக்கு மட்டும் என்ன புதுசா வந்துருச்சு? போ, போய்ச் சாப்பாட்டைச் சூடா இருக்கறப்பவே சாப்பிடு."

அவள் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். மசித்த பட்டாணியின் மேல் ஆடை படிந்துகொண்டிருந்தது. இன்னொரு தரம் போய்ச் சொல்லலாம். மைக்கிலேயே சொல்லலாம். சொன்னால் அவன் புதன்கிழமைவரை அவளோடு பேச மாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆபரேஷனுக்குப் போவான். அப்படி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. ஒருவேளை பேசி முடித்ததும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளிஃப் நன்றாகத்தான் பேசினான். லாந்தருக்கு ஒரு தரம் டெட்ராய்ட்டிலிருந்து ஒரு பாடகியே வந்த கதை.

"மழை கொட்டுது. அந்தம்மா ரோமக் கோட்டு போட்டுக்கிட்டு அந்த நிலவறைப் படியில இறங்குறாங்க. எங்க கோர்டன் என்ன பண்ணான் தெரியுமா? குடிக்க ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தான். காகித டம்ளர்ல."

"கண்ணாடி டம்ளர்டா, பொய் சொல்லாதே!" என்று கத்தினான் கோர்டன்.

"காகிதம். ஓட்டை வேற. அவங்க பாட ஆரம்பிச்சாங்க, நாங்க எல்லாரும் கூடவே பாடுறோம். ஒரு வார்த்தை விடல. அந்தம்மா நிறுத்திட்டாங்க. 'இந்தப் பாட்டு என் தெருவுலயே எவனுக்கும் தெரியாது. உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?'ன்னு கேட்டாங்க."

கூடம் சிரித்து ஓய்ந்தது. கிளிஃப் மேலுதட்டைத் துடைத்தான். அறையில் அவ்வளவு சூடு இல்லை.

"என்ன பாட்டு?" என்றான் கோர்டன்.

"வேற என்ன? அந்தம்மா பாட்டுதான்."

நோரீன் தலையை ஆட்டினாள். அவன் அவள் பக்கம் பார்த்தபடியே மைக்கைக் கீழே வைத்தான். ஒரு சரணம்தான், என்று அவன் உதடு சொன்னது. விரலால் ஒன்று காட்டினான்.

முரசு ஆரம்பித்தது. எல்லாரும் பின்வாங்கினார்கள். வெள்ளைத் தரை நடுவில் அவன் மட்டும். முதலில் பக்கவாட்டில் சறுக்கினான், கெஞ்சுவதுபோல மெதுவாக. பிறகு கால்கள் தாமாகவே வேகம் பிடித்தன. அவன் முகத்தில் அவளுக்குத் தெரிந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து நின்றான். அந்தக் கணம் அவள் பயப்படுவதைக்கூட மறந்திருந்தாள்.

பாட்டுக்காரி இன்னும் பாடிக்கொண்டிருந்தபோதே கிளிஃப் மல்லாக்க விழுந்தான்.

கூடம் சேர்ந்து கை தட்டியது. ஒரே வெடி. "கிளிஃப்!" என்று யாரோ சந்தோஷத்தில் கத்தினார்கள். தட்டல் தாளத்தோடு தொடர்ந்தது. எக்காளம் இன்னும் வரவில்லை என்பது நோரீனுக்கு மட்டும் உறைத்தது. சரணத்தின் நடுவில் அவன் ஒருநாளும் விழுந்ததில்லை. கை தரையைத் தட்டவும் இல்லை.

அவள் கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. தரையில் இறங்கினாள். "சரணம் முடியட்டும் நோரீன்!" என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, அவனிடம் போகாமல் கோர்டனின் மேசைக்குப் போனாள். அந்தச் சத்தம் நிற்காதவரை ஒருவனும் அவள் சொல்வதை நம்பப்போவதில்லை. சுழல்கிற இசைத்தட்டின் முள்ளைப் பிடித்து இழுத்தாள். தட்டு கீறுபடும் ஓசை ஒலிபெருக்கிப் பெட்டிகளில் பெரிதாகக் கேட்டது.

"அடிப்பாவி! அந்தத் தட்டு—" கோர்டன் எழுந்தான்.

பிறகு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வெள்ளையில் கிடந்தவனின் உதடு சிலேட்டு நிறத்துக்கு மாறியிருந்தது. கண் திறந்திருந்தது. மார்பில் அழுத்தத் தெரிந்த ஒருவர் வந்து அழுத்தினார். ஆம்புலன்ஸ்காரர்கள் பவுடரில் வழுக்கி ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். வண்டி சாலைத் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் நோரீனுக்கு எங்கே போனாலும் ஒரே வாக்கியம்தான் காத்திருந்தது. தகன மண்டபத்தில், கறிக்கடையில், பஸ் நிறுத்தத்தில். "ஆசைப்பட்ட மாதிரியே போனான்." சிலர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொறாமையோடு சொன்னார்கள். அவள் "ஆமா" என்றாள். புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அவன் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். அதற்கும் அவள்தான் பதில் சொன்னாள்.

ஏப்ரலில் கோர்டன் கிளிஃபுக்காக ஒரு ஞாயிறு ஏற்பாடு செய்தான். நோரீன் போனாள். கீறல் விழுந்த தட்டை அவன் கண்ணாடிச் சட்டத்தில் போட்டிருந்தான்.

"இதுதான் இனிமே நம்ம கிளப்போட சொத்து," என்றான் மைக்கில். "எக்காளம் முழங்குது, நம்மாளு விழறான், நாம எல்லாரும் தட்டறோம். அந்தத் தட்டலைக் கேட்டுக்கிட்டே போயிட்டான். இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேணும்?"

நோரீன் எழுந்தாள். அந்த மைக்கை அவள் அதுவரை தொட்டதில்லை.

"எக்காளம் முழங்கல," என்றாள். "சரணத்துல விழுந்தான். நீங்க எல்லாரும் அந்தப் பாட்டை உங்க பிள்ளைங்க பிறந்தநாளைவிட நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க. யோசிச்சுப் பாருங்க."

அவள் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

"அவன் ஆசைப்பட்டது புதன்கிழமைக்கு. அன்னிக்கு இதயத்துல ஆபரேஷன். நீலக்கோடு போட்ட புது பைஜாமா வாங்கி மடிச்சு வெச்சிருந்தான். ராத்திரி எழுந்து உக்காந்து பயந்துக்கிட்டிருப்பான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான், நான் காப்பாத்தினேன். நான் உங்களைத் திட்ட வரல. கதையாச் சொல்றதா இருந்தா நடந்த மாதிரி சொல்லுங்க. அவ்வளவுதான்."

கோர்டன் சட்டத்தை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தான். வெகுநேரம் கழித்து அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"நோரீன்," என்றான், மைக்கில் பேசுகிறவன் குரல் அல்ல அது. "போன வருஷம் எனக்கும் ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க. நெஞ்சுல. இங்க யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லிடாதே, என்ன?"



அடுத்தவர் நினைவைச் சொல்லி முடித்திருந்தார். வேறு யாரோ தட்டைப் போட்டார்கள், முதல் சரணம் போனது, பிறகு எல்லாருமாகத் தரையில் இறங்கினார்கள். கோர்டனும் எழுந்து போனான். நோரீன் மடியில் நாலைந்து பேருடைய கோட்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சுழன்று வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகளின் நிறத்தை.