சுவரில் தொங்கிய புரொப்பெல்லர்

முல்லைத்தீவுக் கடற்கரையில், பாரம் ஏற்றிய படகொன்றின் எஞ்சின் முனகுகிறது. எட்டு வயதில் கேட்ட அதே முனகல்.

அப்பாவிடம் படகு எஞ்சினில் பூட்டும் சுழல்விசிறிகள், இரண்டு புரொப்பெல்லர்கள், இருந்தன. விசிறி இதழ்களின் சரிவு கூடியது வெறும் படகைப் பறக்க வைக்கும். சரிவு குறைந்தது பாரம் இழுக்கும். மற்றப் படகுகளை முந்தும் ஆசையில் அப்பா கூடியதையே பூட்டி வைத்திருந்தார். சண்டைக்குப் பயந்து படகில் ஊரைவிட்டு ஓடிய காலையிலும் அதுதான் பூட்டியிருந்தது. மற்றது வீட்டுச் சுவரில் தொங்கியது.

எஞ்சின் முனகிக் கறுப்பாகப் புகை கக்கியது, சனம் நிறைந்த படகு நகரவில்லை.

"பாரம் கூடிப்போச்சு. கொஞ்சப்பேர் இறங்குங்கோ," என்றார் அப்பா.

அவருடைய தங்கை, என் அத்தை, மூன்று பிள்ளைகளோடும் இறங்கினார்.

"நீங்கள் போங்கோ அண்ணை. நாங்கள் அடுத்த படகில வாறம்."

அடுத்த படகு இல்லையென்று அப்பாவுக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும்.

அவர்கள் இறங்கியதும் எஞ்சின் முனகலை விட்டுச் சீராக ஓடியது. அந்த வேகத்தைக் கண்டு நான் கைதட்டினேன்.