நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து நாய்

என் சித்திக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சிரிப்பைச் செய்து கொடுப்பாள். வாரம் ஆறு நாள் பல். ஏழாம் நாள் கொலை.

கொலை என்றால் நூலகத்து மாடியில் கூடும் துப்பறியும் கதை வாசகர் வட்டம். மொத்தம் பதினோரு பேர். பழைய நாவல் எதையாவது யாராவது படமாக எடுத்துவிட்டால் போதும். திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று அலசி, ‘தேறியது’ அல்லது ‘தேறவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். இப்படி ஒரு நீதிமன்றம் இருப்பது படம் எடுத்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் வேறு தொழில் தேடியிருப்பார்கள். கடைசி வார்த்தை சித்தியுடையது. புத்தகத்தைத் திறக்காமலே பக்க எண்ணோடு சொல்வாள். பல வருடமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

புரொஜெக்டர் என் பொறுப்பு. அன்று படம் முடிந்து விளக்கைப் போட்டதும் தபால்காரர் எழுந்தார்.

“எல்லாம் சரி. நாய் எங்கங்க?”

“அதானே,” என்றார் தையல்கார அக்கா. “செத்தவர் வீட்டு நாய்கிட்ட துப்பறிவாளர் போய் உக்காருவாரே. கதைக்கு உயிரே அதுதான். அதையே தூக்கிட்டானுங்க.”

“நாயா?” என்றாள் சித்தி. “அப்படி ஒரு இடமே கிடையாதே.”

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம்,” என்றார் பேருந்து ஓட்டுநர். அவள் வாயை அடைக்க இத்தனை வருடம் காத்திருந்தவர். “பரவால்ல, உங்களுக்கும் மறதி வருது.”

அந்த நாய் என் நாய்.

கொலைகாரன் பிடிபட்டதும் கதையில் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். வாசலில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு யார் சோறு போட்டார்கள் என்று எழுத்தாளர் சொல்லவே இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம், அந்த அத்தியாயம் முடிந்து பாதி காலியாகக் கிடந்த பக்கத்தில், துப்பறிவாளர் நாயிடம் போய் உட்காரும் காட்சியை நானே எழுதி, அதே நிறத் தாளில் அதே எழுத்தில் அச்சடித்து ஒட்டிவிட்டேன். விளையாட்டுக்குத்தான். நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. வட்டம் முழுக்க அதைத்தான் படித்தது. சித்தி மட்டும் நான் பிறப்பதற்கு முன்பே படித்து முடித்தவள்.

நூலகர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்: இன்னொரு சேட்டை செய்தால் என் உறுப்பினர் அட்டை போய்விடும். பள்ளிக்கூடம் என்னைப் பாதியிலேயே வழியனுப்பிய பிறகு, என்னை உள்ளே விடும் கட்டடம் இது ஒன்றுதான்.

சித்தி புத்தகத்தை வாங்கிச் சன்னலுக்குப் போனாள். பல்லைச் சாய்த்துப் பார்ப்பதுபோல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். ஒருமுறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ‘மறந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் அவள் வாக்குக்கு அதன்பிறகு மதிப்பிருக்காது.

“பதினாலாம் பக்கத்துல துப்பறிவாளருக்கு முழங்கால்ல குண்டு பாஞ்சிருக்கு,” என்றாள். “புத்தகம் முழுக்க அவர் தாழ உக்காரவே மாட்டார். இங்க மட்டும் படியில உக்கார்றார். படத்துல வந்தவர் கடைசிவரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாரே, பாத்தீங்களா? எடுத்தவன் வரி வரியா படிச்சிருக்கான். இது பின்னாடி ஒட்டின தாள். படம் தேறியது.”

கொலைகாரனைப் பிடிக்கும் காட்சியைப் படத்தில் நூறு தரம் பார்த்திருக்கிறேன். இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை.

“ஒட்டினது யாரு?” என்றார் ஓட்டுநர்.

“அது படத்தைப் பத்தின கேள்வி இல்லீங்களே,” என்று புத்தகத்தை மூடினாள்.

நான் கையைத் தூக்கினேன். அவள் அப்படி நின்றதைப் பார்த்த பிறகு கை கீழே இருக்கமாட்டேன் என்றது. வாசலில் நின்றிருந்த நூலகர் அட்டையை வாங்கிக்கொண்டார், ஆறு மாதத்துக்கு. தபால்காரர் மட்டும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தெருவில் இரண்டாவது விளக்குக் கம்பம் தாண்டியதும் சித்தி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

“பொய்ப்பல்லு பக்கத்துப் பல்லைவிட அழகா இருந்தா மாட்டிக்கும்டா, மடையா.”

“சரி சித்தி.”

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

“அந்த நாய் கடைசில சாப்பிட்டுச்சா இல்லையா? நீ எழுதலையே.”

“பக்கத்துல இடம் பத்தல சித்தி.”

“பின்னால இன்னொரு பக்கமும் காலியாத்தான் இருக்கு,” என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே.