ஊசியா, கத்தியா?

கழுத்துக் கட்டிக்கு டாக்டர் வழி சொல்ல ஐந்து நிமிடம் போதும். வீட்டில் எல்லோரும் அதற்குத் தலையாட்ட ஐந்து மாதம்கூட ஆகும். அதைக் காளவாசல் பக்கம் ஒரு தைராய்டு கிளினிக்கில், ஆலோசகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம். உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

மிளகு அளவு

கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், தைராய்டில் மிளகு அளவு ஒரு கட்டி தெரிந்துவிட்டது. ஊசியும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம், அடுத்த வருடம் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். மனிதருக்குச் சந்தோஷத்துக்குப் பதில் கோபம்தான் வந்தது. ரிப்போர்ட்டை என் மேசையில் போட்டுவிட்டுக் கேட்டார்:

“ஒன்னும் செய்ய வேணாம்னு சொல்றதுக்கு எதுக்குண்ணே இம்புட்டுப் பெரிய மெஷினு?”

அண்ணன் கட்சி

செல்வி சமயநல்லூர்க்காரர். காளவாசல் பஸ் ஸ்டாப்பில் கூவிக் கூவிப் பூ விற்பவர். அவர் கழுத்தில் இருந்தது நெல்லிக்காய் அளவு. ஊசியால் கொஞ்சம் செல் எடுத்துப் பார்ப்போம், புற்று இல்லையென்றால் கத்தியே வேண்டியிருக்காது என்றார் டாக்டர். கணவர் முருகன் உடனே சரி என்றார். கூட வந்த செல்வியின் அண்ணன் விடவில்லை. ஊசி பட்டால் பரவிவிடுமாம், நேரே ஆபரேஷன்தான் என்றார்.

அப்படிப் பரவாது என்று நானும் தொண்டை வறளச் சொன்னேன். ஆபரேஷன் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில்தான் குரல் நரம்பு ஓடுகிறது, எப்போதாவது அது பாதிக்கப்படலாம் என்றும் சொன்னேன். செல்வி தொண்டையைத் தடவிக்கொண்டார். அந்தக் குரல் போனால் பிழைப்பு போச்சு. இப்படியே நான்கு மாதம் ஓடியது. உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது. எனக்கே பயமாகத்தான் இருந்தது. அண்ணன் மட்டும் அசையவில்லை:

“குளவிக் கூட்டக் குச்சியால குத்துவாகளா சார்? மொத்தமா எடுத்து எறிஞ்சிறணும்.”

பூக் கட்டிப் பார்த்தது

கடைசியில் குலதெய்வத்திடம் பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளை மல்லி வந்தால் ஊசி, செவ்வரளி வந்தால் கத்தி. இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து, ஆத்தா காலடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். செல்வி எடுத்தார். மல்லி. அண்ணன் கும்பிட்டுவிட்டு அடங்கிவிட்டார்.

மறுநாளே ஊசி டெஸ்ட். செல்வி உள்ளே போனதும் முருகன் என் காதருகே குனிந்தார்:

“வெளிய சொல்லிறாதீங்க சார். மடிச்சது நாந்தேன். ரெண்டுலயும் மல்லிதேன் வச்சேன்.”

ரிப்போர்ட் வந்த நாள்

புற்று இல்லை. ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார் டாக்டர். முருகன் அழுதேவிட்டார், பிறகு ஆட்டோவை எடுத்து வருகிறேன் என்று கீழே போனார். செல்வி பையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்து, என் வீட்டுக்கு என்று மேசையில் வைத்தார். எல்லாம் ஆத்தா கை காட்டியது என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. செல்வி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்:

“பதினஞ்சு வருசமாப் பூ விக்கிறேன், எனக்கு வாசம் தெரியாதா சார்? ரெண்டு இலையும் மல்லிதேன். எங்க அண்ணே வாய அடைக்க ஆத்தாவ விட்டா ஆளில்ல, அதேன் ஒன்ன எடுத்துக் குடுத்தேன்.”

ஆலோசகர் என்று என் மேசையில் பலகை வைத்திருக்கிறார்கள்; அதை எந்தப் பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பது என்றுதான் அன்றிலிருந்து எனக்குக் குழப்பம்.