படகு தள்ளும் விளையாட்டு

வீடியோ கேம் ஆடத் தெரியாது என்கிற ஒரே தகுதிக்காக ஒருவரை நடுவராகக் கூப்பிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவள் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். இப்போது காரைக்காலில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். ஒரு வியாழக்கிழமை, நான் ஆபீஸில் இருக்கும்போது போன் செய்தாள்.

"நீ செல்லுல கேம் எதாச்சும் ஆடுவியா?"

"அதுக்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?"

"வீட்ல புள்ளைங்க ஆடுறப்ப பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கியா?"

"பாத்தா புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிடுவேன்."

"அப்ப நீதான் சரி. சனிக்கிழமை காலையில வந்துடு."

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி. சின்னதாக ஒரு வீடியோ கேம் செய்ய வேண்டும். முன்னே பின்னே செய்து பழக்கம் இருக்கத் தேவையில்லை. மூன்று வாரம் சனிக்கிழமைகளில் அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும் கட்டளைகளை இழுத்துப் பொருத்தினால் பொம்மை நடக்கும், குதிக்கும், விழும். தேறுகிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் புதுச்சேரி போவார்கள். தேறுவதற்கு ஒரே ஒரு விதி. இதுவரை கேமே ஆடாத ஒருவர் வந்து உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் ஆட்டத்தின் முதல் கட்டத்தை முடிக்க வேண்டும். செய்த பிள்ளை பின்னால் நிற்கலாம். வாயைத் திறக்கக் கூடாது, கை காட்டவும் கூடாது. அந்தக் கேம் ஆடாத ஒருவர்தான் நான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் அவசரக்குடுக்கை. வீட்டில் எல்லோரும் சொல்வது இது. நான் மறுத்ததில்லை. விழிதியூரில் நெல் விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்தவள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் சாப்பிடுகிற கையை உதறிவிட்டு மண்வெட்டியோடு ஓட வேண்டும். நின்று யோசித்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். அந்த ஓட்டம் எனக்கு உடம்பிலேயே ஊறிப்போய்விட்டது. இப்போது ஆபீஸில் கோப்பு தள்ளுகிற வேலைதான், ஆனாலும் லிஃப்டுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் மூன்று மாடி ஏறுகிறவள்.

சனிக்கிழமை போனேன். கம்ப்யூட்டர் அறையில் எட்டு விளையாட்டுகள். முதலாவது திருநள்ளாறு கோயில் வாசல். கூட்டத்துக்கு நடுவே நம்முடைய செருப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று வரிக்கு வரி எழுதியிருந்தார்கள் அதைச் செய்த இரண்டு பையன்கள். நிஜத்தில் அந்த வாசலில் மூன்று முறை செருப்பைத் தொலைத்தவள் நான், இதில் நான்கே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அடுத்தது துரத்துகிற நாயிடமிருந்து சைக்கிளில் தப்பிப்பது. அதுவும் முடிந்தது. நான்காவது, ஐந்தாவது எல்லாம் முடிந்த பிறகு எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. இதைப் போய் இத்தனை நாள் பெரிய வித்தை என்று நினைத்தோமே என்று டீச்சரிடம் பீற்றிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

அங்கே நின்றது ஒரு பெண். பதினொன்றாம் வகுப்பு. கோட்டுச்சேரிமேடு என்கிற மீனவர் கிராமத்திலிருந்து வருகிறாள். எல்லோரும் இரண்டிரண்டு பேராகச் செய்திருக்க, இவள் மட்டும் தனியாகச் செய்திருக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. மூன்று வாரமும் மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டு இங்கே ஓடி வந்துவிடுவாள் என்று டீச்சர் என் காதில் சொன்னாள். "இவ தேறலன்னா எனக்கு அழுகையே வந்துடும். ஆனா விதி விதிதான்," என்றாள்.

திரையில் மணல், கரையில் இன்ஜின் வைத்த ஒரு படகு, எதிரே கடல். அவ்வளவுதான். ஓர் எழுத்துகூட இல்லை. கீபோர்டில் நீளமான ஸ்பேஸ் பாரில் மட்டும் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. டீச்சர் செல்போனில் பத்து நிமிடம் வைத்தாள். நான் ஸ்டிக்கரை அழுத்தினேன். படகு தண்ணீருக்குள் போனது. பெரிய அலை ஒன்று வந்தது. படகு கவிழ்ந்து கரைக்கே திரும்பி வந்தது.

சரி, வேகம் போதவில்லை போல என்று நினைத்து, படகு கரைக்கு வந்ததுமே மறுபடி அழுத்தினேன். கவிழ்ந்தது. அழுத்திப் பிடித்தேன். கவிழ்ந்தது. படபடவென்று தட்டினேன், அப்போதும் கவிழ்ந்தது. ஏழெட்டு முறை ஆனதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. விளையாட்டு என்றால் கொஞ்சமாவது நகர வேண்டாமா? மற்ற பிள்ளைகள் எல்லாம் எவ்வளவு பொறுப்பாக எழுதி வைத்திருந்தார்கள்? இதில் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் என் கட்டை விரலை விட்டு நகரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுடைய மூன்று வாரம் பிழைத்துவிடும். அவள் சொல்லவில்லை.

"இன்னும் மூணு நிமிஷம்," என்றாள் டீச்சர். அவள் குரலே இறங்கிவிட்டது.

இன்னும் மூன்று முறை கவிழ்ந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு டீச்சர் பக்கம் முழுசாகத் திரும்பினேன்.

"இதுல என்னமோ கோளாறு இருக்குடி. எப்படித் தள்ளுனாலும் திருப்பிக் கொண்டாந்து போட்டுடுது. நீயே வந்து பாரு."

டீச்சர் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் சொல்வதைத் தவிர அவளுக்கும் பேச அனுமதி இல்லை. அந்த அமைதியில்தான் முதல் முறையாக எனக்குக் காது கேட்டது. கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரிலிருந்து கடலின் சத்தம் வந்துகொண்டிருந்தது. நிஜக் கடல். இவ்வளவு நேரமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் தட்டுகிற தட்டில் கவனிக்கவில்லை. தொம் என்று ஒன்று. தொம் என்று இன்னொன்று. அதைவிடப் பெரிதாக மூன்றாவது. அப்புறம் ஒன்றுமில்லை. நுரையை மணல் உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

சட்டென்று திரையைப் பார்த்தேன். கடல் தட்டையாகக் கிடந்தது. நான் கையை வைப்பதற்குள் அடுத்த அலை எழும்பிவிட்டது.

அழுத்தவில்லை. வாழ்க்கையில் நான் ஒரு காரியத்தை வேண்டுமென்றே செய்யாமல் இருந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. கட்டை விரல் துடித்தது. அதை ஆள்காட்டி விரலுக்கு அடியில் மடக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது அலை வந்து உடைகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தண்ணீர் படுத்தது. அழுத்தினேன்.

படகு போனது. கவிழவில்லை. மெல்லிய ஏற்றம் ஒன்றில் மூக்கைத் தூக்கி, இறங்கி, அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. திரை முழுவதும் நீலம் ஆனது. பிறகு சத்தமும் இல்லை. வெற்றி என்றோ சபாஷ் என்றோ எதுவும் வரவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது வயதில், ஒரு பள்ளிக்கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பேஸ் பார் ஒன்றை அழுத்தியதற்கு எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள்.

"நாப்பது செகண்டு பாக்கி," என்றாள் டீச்சர். செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கடலிலிருந்து ஒரு மணி நேரம்கூடத் தள்ளி இருந்தவள் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சுண்டல் தின்றிருக்கிறேன். அலை இப்படி மூன்றாய் வந்து மூச்சு வாங்கும் என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லாமல், என்னைப் போன்ற ஒருத்தியைக் காத்திருக்க வைத்துவிட்டாள். என் அம்மாவால் முடியவில்லை, இருபது வருடமாக என் கணவரால் முடியவில்லை.

இப்போது அவள் பேசலாம். கட்டியிருந்த கையை அவிழ்த்து, உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அலை ஓயுற வரைக்கும் நில்லுங்கன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா? நான் பாதியில எழுந்து போயிருந்தேன்னா என்ன ஆயிருக்கும்?"

"எழுதித்தான் வச்சிருந்தேன் மேடம். அப்புறம் எடுத்துட்டேன். கடல்ல எழுதியா இருக்கு?"

சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று டீச்சரைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். என் கையில் இருந்த தாளில் 'முடிந்தது' என்று டிக் அடித்தேன். அதற்குக் கீழே, 'மேலும் சரிசெய்ய வேண்டியது ஏதாவது உண்டா' என்று ஒரு கோடு இருந்தது. ஆபீஸ் புத்தி, காலி இடம் இருந்தால் எதையாவது நிரப்பியாக வேண்டும்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. நான் போட்டுலதான இருக்கேன்? இன்ஜின் சத்தம் ஏன் கொறைஞ்சுகிட்டே போகுது? பஸ்ல ஒக்காந்திருந்தா சத்தம் கூடவேதான வரும்?"

அவள் முகம் மாறியது. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போட்டுல இருந்தா கொறையாதா மேடம்?"

"நீ போட்டுல போனதில்லையா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். எங்க அப்பா ஏத்துனதில்ல. பொம்பளப் புள்ளைங்க ஏறக் கூடாதும்பாங்க. கரையில நின்னுதான் பாப்பேன். அலையத் தாண்டிட்டா சத்தம் சின்னதாயிட்டே போவும். அப்புறம் கேக்காது. அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அந்தக் கடலின் மூச்சு முழுவதையும் அவள் கரையில் நின்றே எண்ணி எடுத்திருக்கிறாள். படகு எந்த நொடியில் இறங்க வேண்டும், எந்த ஏற்றத்தில் மூக்கைத் தூக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது. கால் மட்டும் மணலை விட்டு எழும்பியதே இல்லை. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபமும் வந்தது. அந்தக் கோட்டில் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினேன்.

"பரவால்லம்மா, இதுவே நல்லாத்தான் இருக்கு. அப்படியே விட்டுடு," என்றேன்.

"இல்ல மேடம், தப்பு தப்புதான். புதுச்சேரிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. மாத்திடணும்."

"அப்படின்னா செல்போன அப்பாகிட்ட குடுத்து விடு. போட்டு போறப்ப ரெக்கார்டு பண்ணிட்டு வந்துடுவாருல்ல?"

அவள் தட்டையாகக் கிடந்த அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு எத ரெக்கார்டு பண்றதுன்னு தெரியாது மேடம்," என்றாள். "நான்தான் போவணும்."